ஒரே பேட்டரி

கடலிலிருந்து மேகம் ஏறிவந்து
நான்கு நாளாகிறது.
அல்-மீனா துறைமுகத் தெருவில் இப்போது யாரும்
மழை வருமா என்று கேட்பதில்லை.
எத்தனை சதவீதம் என்கிறார்கள்.

எங்கள் மொட்டைமாடியில் எட்டுப் பலகைகள்:
நான்கு என்னுடையவை,
நான்கு மேல்வீட்டு ஷவ்கத்துடையவை.
பேட்டரி மட்டும் பொது.
வாங்கிய கோடையில்
ஒரே தர்பூசணியை அறுத்துத் தின்றோம்.
பிறகு தண்ணீர்த்தொட்டி விஷயத்தில்
ஒரு வார்த்தை விழுந்தது.
பதினாறு மாதமாகப் படிக்கட்டில்
சுவரைப் பார்த்தபடி இறங்குகிறோம்.

ஆனாலும் அவரை எனக்குத் தெரியும்.
விடிகாலை ஐந்தேகாலுக்கு எண் ஒன்று குறையும்: காப்பி.
வெள்ளிக்கிழமை இரண்டு: வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி.
நள்ளிரவுக்கு மேலும் கசிந்துகொண்டிருந்தால்
தூக்கம் வரவில்லை, டிவி ஓடுகிறது.
என்னையும் அவர் இப்படிப் படித்திருப்பார் என்று
ஏனோ நான் நினைத்ததில்லை.

நேற்றிரவு இருபத்தொன்று.
தைமுக்கு மூச்சு இழுத்தது.
நெபுலைசரைச் செருகிவிட்டு
ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன், மோடத்தைப் பிடுங்கினேன்,
கூடத்து விளக்கை,
மீன்தொட்டியின் பம்பை.
மீனிடம் மன்னிப்புக் கேட்க நேரமில்லை.
பத்துக்கு வந்தால் இன்வெர்ட்டர் கைவிரித்துவிடும்.
பதினெட்டு. பதினாறு.
மேலே அவர் ஹீட்டர் போடும் நேரம்.
ஏறிப்போய்க் கதவைத் தட்டலாமென்று
செருப்பில் ஒரு காலை நுழைத்தேன்.
மறுகால் நுழையவில்லை.

பதினாறு.
பதினாறு.

மேலே யாரோ நாற்காலியில் இடித்துக்கொண்ட சத்தம்,
சின்னதாய் ஒரு வசவு,
பிறகு இருட்டில் தடவித் தடவி நடக்கும் பாதம்.
குளியலறைக் குழாய்வழி இருமல் மேலேறும்போல.
எங்கள் சண்டையும் அந்தக் குழாய்வழிதான் ஏறியது.

விடிந்தபோது பதினொன்று.
தைம் வாயைத் திறந்தபடி தூங்கினான்.
பத்து மணிவாக்கில் மேகம் விரிந்து
வாராக்கடனில் கொஞ்சம் வந்ததுபோல
வெயில் விழுந்தது.
மிஞ்சிப்போனால் நாற்பது நிமிடம்.
என் கூடை நிறைய அழுக்குத்துணி.
மெஷின் மூடியைத் திறந்தேன்,
மூடினேன்.

மேலே அவருடையது சுற்றத் தொடங்கியது.
என் கூரை நடுங்கியது.
அவர் சோப்புத்தண்ணீர்
என் சுவருக்குள் இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டே
தைமின் சட்டைகளைக் கையால் அலசினேன்.

இருபத்தாறில் எண் நின்றது.
மறுபடி மேகம்.
மீன்தொட்டியின் பம்பை மட்டும்
செருகினேன்.