இருபுறமும் கண்ணாடி

ரெயின்கோட்டில் இருந்து நீர் சொட்டச் சொட்ட
உள்ளே வந்தாள் ஐரீன் நகாத்தா.
முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்ந்தவள்.
ஸ்டீவ்ஸ்டன் துறைமுகத்தில்
வலை காயவைக்கும் கொட்டகைக்குப் பின்தெருவில் வீடு.
கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் இரண்டு தாள்.
சட்டம் போட வேண்டும் என்றாள்.

சட்டம் போடுவதுதான் என் தொழில்.
மேப்பிள், வால்நட், மலிவுக்கு அலுமினியம்.
என் மொழியில் அந்தச் சொல்
வேறொரு வேலையும் பார்க்கும்,
ஆட்களைப் பிடிக்கும், படகுகளைக் கட்டி இழுக்கும்
என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

முதல் தாள் கனத்தது.
அம்மாவின் பெயருக்கு,
எண்பத்தெட்டுக்குப் பிறகு வந்த கடிதம்.
நடந்தது அநீதி என்கிறது.
இனி நடவாது என்கிறது.
கூடவே இருபத்தோராயிரம் டொலர்.
அம்மா பல் கட்டினாளாம், கூரை மாற்றினாளாம்,
மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
வங்கியில் கிடக்க விட்டாளாம்.
அப்பாவுக்குக் கடிதம் இல்லை.
உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் என்று விதி;
அவர் ஐந்து வருடம் முந்திவிட்டார்.

இரண்டாவது தாள் வெங்காயத் தோல்.
தட்டச்சின் பூச்சியங்கள் ஒவ்வொன்றும்
தாளைத் துளைத்திருந்தன.
1942. படகுகளை விற்றுத் தீர்த்த குழு.

படகு ஒன்று, முப்பத்திரண்டு அடி: 310.00
காவல் கூலி: 22.50
தரகு: 31.00
விளம்பரம்: 8.25
மீதி: 248.25

மலைகளுக்கு அப்பால் முகாமில்
அந்த மீதியில்தான் விறகும் அரிசியும்.
தன்னை அடைத்து வைத்த செலவை
அப்பா தானே கட்டினார்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். பழக்கம்.
கடிதத்தின் அடியில் இருந்த கையொப்பம்
பேனா தொட்டதா அச்சு தொட்டதா என்று
மை சொல்லிவிடும்.
சொன்னது.
அவள் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

வருத்தம் என்றால் எங்கள் பக்கம் நோய்.
'அவருக்குக் கடும் வருத்தம்' என்றால்
தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.
ஓர் அரசாங்கத்துக்கு வருத்தம் வந்தால்
எந்த வார்டில் போய்ப் பார்ப்பது?
எத்தனை மணிக்கு விடுவார்கள்?

மயிலிட்டியில் எங்களுக்கும் ஒரு படகு இருந்தது.
வீடும் இருந்தது, நீலக் கதவு.
ஒரு காலை எல்லோரும் நடந்தோம்;
பின்னால் முள்ளுக்கம்பி விழுந்தது.
யாரும் எண்ணவில்லை, ஏலம் விடவில்லை,
கூலி கழித்து மீதி தரவில்லை.
எட்டு டொலர் இருபத்தைந்து சதம் விளம்பரம் என்று
எவனோ உட்கார்ந்து தட்டிய அந்த வரியைப் பார்த்து
எனக்குப் பொறாமை வந்தது.
உடனே வெட்கமும் வந்தது.
மேசையைத் துடைத்தேன், துடைக்க ஒன்றுமில்லாமல்.

எது முன்பக்கம் என்று கேட்டேன்.
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே ஒரு பஸ் நின்று, யாரையும் ஏற்றாமல் போனது.

'முதுகோடு முதுகு. இரண்டு பக்கமும் கண்ணாடி.
சுவரில் இல்லை, யன்னலில் தொங்கும்.
காலையில் இது, அந்தியில் அது.'

நடுவில் ஓர் அட்டை வைக்க வேண்டும் என்றேன்,
அமிலமில்லாத அட்டை.
வைக்காவிட்டால் வருடங்கள் போகப் போக
ஒன்றின் மை மற்றதில் ஏறும்.
கடிதத்தில் கணக்குத் தெரியும்.

'ஏறட்டும்' என்றாள்.

அளவெடுத்தேன். முற்பணம் தந்தாள்.
ரசீது வேண்டுமா என்று கேட்டேன்,
எல்லோரிடமும் கேட்பதுபோல.

கதவுப்பிடியில் இருந்த கையை எடுத்துத்
திரும்பி வந்தாள்.
'கட்டாயம்.'