இரும்பைப் புறக்கணி

அவருடைய கருவியில் ஒரு பொத்தான் இருக்கிறது:
'இரும்பைப் புறக்கணி.'
அழுத்தினால் ஆணி, முள்ளுக்கம்பி, தகரம்
எதற்கும் வாய் திறக்காது.
பொன், வெள்ளி, செம்பு என்றால் மட்டும்
மூன்று விதமாகக் கூவும்.

பதினொரு வருசம் நான் பிடித்த கருவிக்கு
அப்படியொரு பொத்தான் இல்லை.
சோடா மூடிக்கும் அது ஒரே குரலில்தான் கத்தும்.
சோடா மூடிக்கும் நான் முழங்காலில் இருந்தேன்.

ஒலுமடுவுக்கு அப்பால், குளக்கட்டுக்குக் கீழே
இரண்டு கூடாரம்.
ஒன்று கனடாவில் வாங்கியது,
கையை விட்டதும் தானே எழும்பி நின்றது.
மற்றது என்னுடைய தறப்பாள்.
வினோதா விராலுக்குச் சாம்பல் போட்டு உரசுகிறாள்.
அவளின் புருசன் சுதேசன்
தகப்பன் தொலைபேசியில் சொல்லச் சொல்லக் கீறிய படத்தை
வானின் முன்மூடியில் விரித்து
மூலைக்கொரு மாங்காய் வைக்கிறார்.

'பாலை மரத்திலிருந்து
குளத்துப் பக்கமாய்ப் பதின்மூன்று எட்டு.
கிறீஸ் பூசி, பசளைப் பையில் சுற்றின
இரண்டு அங்குலத் தண்ணிப் பம்பு.
இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசி.'

பாலை மரம் இல்லை.
யாருடைய எட்டு என்றும் எழுதவில்லை.

அங்கே ஒவ்வொரு கோடையும் இப்படித்தானாம்,
ஏரிக்கரை, கூடாரம், பொரித்த சோளம், இந்தக் கருவி.
போன வருசம் ஒரு கலியாண மோதிரம் கிடைத்ததாம்.
காதில் பாட்டுக் கேட்பவர்போலத்
தலையாட்டி, வீசி வீசி நடக்கிறார்.

ஒருவர் நிலத்தில் இப்படி நடப்பதை
என் கால்கள் நம்பவில்லை.
துப்புரவான காணிதான், சான்றிதழ் இருக்கிறது;
ஒரு மீற்றர் அகலப் பாதை பாதையாய்
புல்லைக் கத்தரித்துத் துப்புரவாக்கியதே எங்கள் அணி.
ஆனாலும் அவர் மண்வெட்டியை ஓங்கியபோது
வாய் தன்பாட்டில் சொன்னது:
'குத்தக் கூடாது. சரிவாய். முப்பது பாகை.'
ஒரு நிமிசம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
விரால் வாலடித்தது.

பின்னேரம் வரை ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி.
அலுத்துப்போய் மகள் அஞ்சனி
கருவியை வாங்கிப் பொத்தானை எடுத்துவிட்டாள்.

காணி முழுக்கக் கத்தத் தொடங்கியது.

குடைக்கம்பி. பால்மா ரின் மூடி.
சைக்கிள் மணியின் பாதி.
கரண்டி, கரண்டி, இன்னொரு கரண்டி.
அவள் சிரித்துச் சிரித்து ஓடுகிறாள்,
நான் பின்னால் ஓடுகிறேன்,
ஏன் ஓடுகிறேன் என்று தெரியாமல்.

பழுத்த ஈச்சம் பற்றைக்குப் பக்கத்தில்
ஒரு போல்ட். கிறீஸ் இன்னும் மிச்சம்.
சுற்றி மண் இளகல், நிறம் வேறு.
ஒருக்கால் தோண்டி மூடிய குழி.
அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது,
நாற்பத்தோராம் பாதை, வைகாசி வெயில்,
கவசத்துக்குள் வியர்வை கண்ணை எரிக்க
மூன்று மணித்தியாலம் விரலால் விரலால் கிளறி
நான் வெளியே எடுத்த பெரிய இரும்பு.
வெடிக்காது என்றதும் றெஜினா கைதட்டினாள்.

இரவு, மீன் முள்ளை நெருப்பில் போட்டபடி சொன்னேன்:
'பம்பு இனி வராது. எடுத்தது நான்.
யாருடையது என்று தெரியாது.
மாங்குளத்தில் இரும்புக்கு நிறுத்துப் போட்டம்.'

குளத்தில் தவளைகள் நின்று, திரும்பத் தொடங்கின.

'கிலோ என்ன விலை போச்சுது?'
'முப்பத்தெட்டு.'
மனசுக்குள் பெருக்கினார் போலிருக்கிறது.
'என்ன செய்தனீங்கள்?'
'ஆறு பேருக்கு மீன் பணிஸ், பிளேன்ரீ.
மிச்சத்துக்கு ஒரு கிரிக்கெட் மட்டை,
கூடாரத்தில் பின்னேரம் விளையாட.'
'ஆர் நல்லா அடிப்பினம்?'
'நான்தான்.'
வினோதா முதலில் சிரித்தாள்.

எல்லாரும் படுத்தபின்
கருவியை எடுத்து, பொத்தானைப் பார்த்து அணைத்து,
தறப்பாளைச் சுற்றி நடந்தேன்.
ஒரு பாய் அளவுக்கு
ஒன்றும் பேசாத இடம் வந்ததும்
அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தேன்.
யாருக்கும் சொல்லவில்லை.

விடிய, தொலைபேசியில் கிழவரின் குரல்,
கூடாரத் துணிக்கு வெளியேயும் கேட்கும் சத்தம்:
'என்னடா, கிடைச்சுதோ?'

சுதேசன் போல்ட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

'ஓம் அப்பா,' என்றார். 'கொஞ்சம்.'