எந்தப் பக்கம் மேல்?

மைக்ரோவேவில் பத்து வினாடி.
பசை இளகியதும்
ஓரத்தில் நகம் கொடுத்து இழுத்தால்
ரோஜா தன் மரக்கட்டையை விட்டு
தோல் உரிவதுபோல் உரிந்து வரும்.
பிறகு யானை, பிறகு தபால்பெட்டி,
பிறகு பிறந்தநாள் வாழ்த்து வகையறா பதினொன்று.
டோங்காட் வீட்டில் கடைசி வாரம் முழுக்க
இதுதான் செய்தேன்.
இரண்டு அலமாரி நிறைய இருந்த
இருநூற்றுச் சொச்சம் ஸ்டாம்புகள்
சீடி உறைகளுக்குள் அடங்கி
என் கைப்பையில் வந்தன.

மரத்துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டேன்.
தேவராஜ் போன் பண்ணினான்.
"ஒரு பெட்டி கட்டை கிடக்குதே கோகிலம், என்ன பண்ண?"
"ப்ராய் அடுப்புல போடு. கறி நல்லா வேகும்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"எல்லாத்து மேலயும் படம் இருக்கே" என்றான்.

உம்கேனி ரோட்டில் ஏழாம் மாடி, ஒரே அறை.
மேசை என்பது சமையல்மேடையின் மிச்சம்.
அதன்மேல் ஒற்றை அக்ரிலிக் கட்டை,
சோப்புக்கட்டி அளவு, தண்ணீர்த் தெளிவு,
நேர் பார்க்க மெல்லிய கட்டக்கோடுகள்.
எந்த ரப்பரை வைத்தாலும் பிடித்துக்கொள்ளும்,
வேலை முடிந்ததும் விட்டுவிடும்.
பிடிப்பு தளர்ந்தால்
பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு குளியல், அவ்வளவுதான்.
மரக்கட்டைக் காலத்தில்
குத்துமதிப்பாக வைத்து அழுத்தி
எடுத்த பிறகுதான் கோணல் தெரியும்.
இப்போது அழுத்துமுன்பே தெரிகிறது.
தெரிந்தும் சில சமயம் கோணலாகத்தான் வைக்கிறேன்.
கைக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

புது விலாசம் சொல்லும் அட்டைகள், ஐம்பது.
மேலே ஒரு சொல்லாவது தமிழில் இருக்கட்டும்.
சனிக்கிழமைப் பள்ளியில்
கடிதம் எழுதக் கற்றபோது
முதல் வரியில் உட்கார்ந்திருந்த சொல்:
நலம்.

ஆர்க்கேடில் லேசரால் ரப்பர் வெட்டும் மண்ட்லா
நான் எழுதிக் கொடுத்த தாளை
இப்படியும் அப்படியும் திருப்பினார்.
"மேடம், இதில் எந்தப் பக்கம் மேல்?"
மேலைக் காட்டினேன்.
இடம் வலம் பற்றி
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெட்டி வந்த ரப்பரில்
'நலம்' நேராக, வெகு அழகாக இருந்தது.
சந்தோஷப்பட்டேன், மடச்சி.
அட்டையில் ம் முந்திக்கொள்ள ந கடைசியில் ஒதுங்க
மொத்தமும் புறமுதுகு காட்டி நின்றது.

யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?
ஐம்பதில் நாற்பத்தேழு பேருக்கு
நேரும் ஒன்றுதான், தலைகீழும் ஒன்றுதான்.
மூன்று பேர் வாசிப்பார்கள்.
அதில் ஒருவன் தேவராஜ்,
அதே சனிக்கிழமைப் பள்ளி, எனக்குப் பின்பெஞ்சு.

பத்து மணிக்கு மின்சாரம் போனது.
சார்ஜ் விளக்கடியில், கோபத்தில்தான்,
மை தடவிய ரப்பரை
வெறும் கட்டையின்மேல் குத்தினேன்.
துடைக்கப் போனவள்
விளக்குப் பக்கம் கட்டையைத் தூக்கினேன்.
மறுபக்கத்திலிருந்து, கட்டையின் உள்ளூடாக,
நலம்.
நேராக.

டர்பனின் ஈரக்காற்று மையைக் காயவிடாது.
அன்று அதைத் திட்டவில்லை.
கட்டையைத் திருப்பாமல் அட்டையில் அமர்த்தி
பத்து எண்ணி எடுத்தேன்.
வந்தது. வெளிறி,
தொலைபேசியில் கேட்கும் குரல்போல,
ஆனால் இடமிருந்து வலமாக.
ம் மேலிருந்த புள்ளி மட்டும்
கட்டையிலேயே தங்கிவிட்டது.

நலம.

முடியாமல் வாய் திறந்தபடி நிற்கும் சொல்.

விடியும்வரை ஒற்றினேன், கழுவினேன், ஒற்றினேன்.
பிறகு பேனா எடுத்து
ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன்.
ஒவ்வொரு புள்ளிக்கும்
என் உதடுகள் தாமாக மூடின.

தேவராஜின் அட்டையில்
புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
விரலால் தொட்டதும் பரவியது.
இருக்கட்டும் என்று
உறையில் போட்டு ஒட்டினேன்.