மீற்றர்

வெயில் ஏற முதலே வந்துவிட்டார்
மின்சாரசபைக்காரர்.
"மீற்றர் எங்கை அக்கா?"
எந்த மீற்றர் என்று
வாய்வரை வந்துவிட்டது எனக்கு.

சுவரில் இருந்த மீற்றருக்கு முன்னால்
அடுக்கிக் கிடந்தன மற்ற மீற்றர்கள்.
பெரியகடையில் ஒன்றரை,
கஸ்தூரியார் வீதியில் இரண்டேகால்,
"கடைசித் துண்டு, கழிச்சுத் தாறன்" என்றதால் மூன்று.
வொயில், பொப்பிளின், சீத்தை,
முடிச்சு அவிழ்க்காத சொப்பின் பைகள்,
பிஸ்கட் ரின்னில் பொத்தான்கள்,
அதன்மேல் இன்னொரு ரின்.
அதற்குள் என்னவென்று எனக்கே தெரியாது.

"மூண்டு மாசமா உத்தேசக் கணக்குத்தான் போகுது"
என்றபடி துண்டில் எழுதினார்.
நானும் உத்தேசத்தில்தான் இருந்தேன்.
இது பெரிய போர்வைக்கு,
இது யாருக்கோ பிறக்கப்போகும் பிள்ளைக்கு,
இது, இருக்கட்டும்.

கொக்குவிலில், சித்திரை வெக்கையில்
துண்டு பொருத்திப் போர்வை தைக்கிறவள் நான்.
ஆறு வருடத்தில் முடித்தவை இரண்டு.
ஒன்று தவநேசனின் தங்கையோடு
பனி கொட்டும் ஊருக்குப் போனது.
மற்றது தையல் மெசினுக்கு உறை.
சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

கடையில்தான் எல்லாம்.
தடியிலிருந்து துணி புரண்டு விழும் சத்தம்,
வாய் மூடாமலே கத்தரிக்கோல்
ஒரே இழுவையில் ஓடும் சத்தம்.
அந்தக் கணம் நெஞ்சுக்குள் ஏதோ இளகும்.
மினிபஸ் தட்டாதெருச் சந்தி தாண்ட முன்னம்
திரும்ப இறுகிவிடும்.
வெங்காயத்துக்கு அடியில் ஒளித்து
வீட்டுக்குள் கொண்டுபோவேன்.
இவ்வளவு மெத்தென்ற வெங்காயம் எங்கை விக்குது என்று
தவநேசன் ஒருநாளும் கேட்டதில்லை.

தொண்ணூற்றைந்தில்
ஒரு பையோடு, போட்டிருந்த சட்டையோடு
மழைக்குள் நடந்த பிள்ளை
எதையும் விட்டுவைக்க மாட்டாள் என்று
ஒரு காரணம் வைத்திருந்தேன்.
உண்மையான காரணம்.
அதையும் வடிவாக மடித்து
அடுக்கில் மேலே வைத்திருந்தேன்,
வேண்டும்போது எடுக்க.

அவர் போனபின்
சும்மா பார்க்கத்தான் பைகளை நகர்த்தினேன்.
மத்தியானமாயிற்று.
கண்ணாடிக்குப் பின்னால்
தட்டுச் சுழன்றுகொண்டிருந்தது,
சிவப்புப் புள்ளி போய்ப் போய் வந்தது.
நான் பாராத மாதங்களிலும்
அது சுற்றித்தான் இருக்கிறது.

அடியில், வெட்ட மனம் வராமல் வைத்த
நீலத்துணி, மீன்கொத்திகள் பறப்பது.
விரித்தேன்.
மடிப்பு வழியே வெளிறி
குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.
வெட்டாமல் வைத்ததும்
ஒருவகை வெட்டுத்தான்போல.

கொடுப்பது லேசில்லை.
பிலோமினா ரெய்லர் ஒரு மூட்டை எடுத்தாள்,
"உனக்கென்ன விசரோ" என்றாள்.
முன்பள்ளிக்கு இரண்டு மூட்டை.
ஓட்டோக்காரர் கூலி கேட்டார்,
துணி தாறன் என்றேன்,
காசாகவே தாங்கோ என்றார்.
ஒரு லாச்சி மட்டும் எனக்கு.
லாச்சி மூடவேண்டும், அதுதான் சட்டம்.

திருவிழா நேரம் நல்லூரடியில்
அரை மீற்றர் வாங்கினேன்.
சொல்லாமல் விடலாம், சொல்கிறேன்.
அன்றிரவு லாச்சி மூடவில்லை.
மீன்கொத்தித் துணியை மேசையில் போட்டு
கையெல்லாம் வேர்க்க
வெள்ளைக் கோட்டிலேயே கத்தரிக்கோலை வைத்தேன்.
இப்போது சதுரம் சதுரமாய்
பாதிப் போர்வை கட்டிலில் கிடக்கிறது.
சில பறவைக்குச் சொண்டில்லை.

அடுத்தமுறை அவர் வந்து
நேரே சுவருக்குப் போனார்.
எண்களைச் சத்தமாய் வாசித்தார்.
"இப்பதான் சரியான கணக்கு.
ஆனா கூடத்தான் வந்திருக்கு அக்கா,
பழைய மிச்சமும் சேத்துக் கட்டவேணும்."

"கட்டுறன்" என்றேன்,
பல்லிடுக்கில் நூல்.