எர்த் குழி

ஜெகதேவி ரோட்டில், கல் மெருகேற்றும் பட்டறையில்
மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் லகுமம்மா:
மிஷின் கடிக்குது.

கடிக்கவில்லை என்றார் சூப்பர்வைசர் வரதப்பன்.
உள்ளங்கையை முழுதாக வைத்தே காட்டினார்.
ஆபரேட்டர்கள் இரண்டு பேரும் வைத்தார்கள்.
மூவர் காலிலும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.
அவளுக்கு
ஆணி குத்தி ஓட்டையான ஒரு ஜோடிச் செருப்பு,
அதுவும் சேற்றில் வழுக்குமென்று
வாசலிலேயே விட்டுவிட்டு வருவாள்.

செருப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
கோயிலுக்குப் போய் வரச் சொன்னார்கள்.

என்னைக் கூப்பிட்டது
மோட்டார் புகைந்ததற்கு.
மிஷின் உடம்பில் டெஸ்டரை வைத்தேன்,
நியான் மினுக்கென்றது.

கல் கடத்தாது.
இந்த மாவட்டமே அடியில் ஒரே பாறை,
காய்ந்த கருங்கல் நம் வோல்ட்டுக்கெல்லாம் மசியாது.
ஆனால் அறுத்த கல்லின் பொடி
தண்ணீரோடு தரையெல்லாம் சேறாகக் கிடந்தால்
அது வேறு பேச்சு.
அதில் வெறுங்காலோடு நிற்கும் ஒருத்திதான்
மிஷினுக்கும் பூமிக்கும் நடுவில்
யாரோ இழுக்காமல் விட்ட வயர்.

'கடத்தி' என்று வாத்தியார் எழுதிய அன்று
எங்கள் வகுப்பே சிரித்தது.
இங்கே கடத்தல் என்றால்
ராத்திரியில் தார்ப்பாய் மூடிப் போகும் லாரி.
மின்தடையும் அப்படித்தான்,
பரீட்சைக்கு ஓர் அர்த்தம்,
பேப்பரில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.

கரண்ட் வந்துடுச்சு, கரண்ட் போயிடுச்சு என்கிறோம்
பர்கூர் பஸ்ஸைச் சொல்வது மாதிரி.
அது எங்கும் வருவதில்லை.
செம்புக்குள் கோடானுகோடி எலக்ட்ரான்கள்
நின்ற இடத்திலேயே
நொடிக்கு ஐம்பது தடவை
முன்னே, பின்னே, ஒரு மயிரிழைகூட இல்லை.
டோல்கேட்டில் முட்டி நிற்கும் வண்டிகள்:
ஒன்றை இடித்தால் கடைசிவரை குலுங்கும்.
அந்தக் குலுக்கல்தான்
லகுமம்மாவின் முழங்கைவரை ஏறி
டீ டம்ளரைத் தட்டிவிட்டது.

குழி தோண்டினோம். மூன்றடியில் பாறை.
கம்ப்ரஸர் வைத்து உடைத்து ஏழடி.
செம்புத் தகடு, கரி ஓர் அடுக்கு, கல் உப்பு ஓர் அடுக்கு,
மறுபடி கரி.
ஊறுகாயா போடுறீங்க? என்றாள்.

மீட்டரில் நாற்பத்தொரு ஓம்.
தண்ணீர் ஊற்றினோம். பதினெட்டு.
இன்னும் நாலு குடம்.
ஒன்பதில் வந்து நின்றது,
பூமி வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டது போல.
ஷாக் அடித்தால் தானாக விழுகிற பிரேக்கர் ஒன்றும்
மாட்டச் சொன்னேன். விலை கேட்டார்கள்.
அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார்கள்.

மெயினைப் போட்டதும்
இப்போ தொடு என்றார் வரதப்பன்.
புறங்கையால் தொட்டாள்,
இருபது வருடம் வயரோடு கிடந்தவன் தொடுவது போல.
ஒன்றுமில்லை.
ஆனாலும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

தண்ணி வத்திட்டா?

சித்திரையில் இங்கே எதுதான் வற்றாது.
வாரத்துக்கு ரெண்டு குடம் ஊத்தணும் என்றேன்.
வரதப்பன் லகுமம்மாவைப் பார்த்தார்.
அவள்
அவர் பூட்ஸைப் பார்த்தாள்.