சங்கரா நீலம்

கடலூர் முதுநகர், உப்பனாற்றங்கரை.
ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு மேல்மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு கம்ப்யூட்டர்,
கால் ஆடும் ஒரு நாற்காலி.
கீழே பெல்ட்டில் மீன் நகர்கிறது,
அதன் தலைக்கு மேல் கேமரா.
அது பார்த்ததைத் திரையில் காட்டுவது
என் வேலை.

இந்த மென்பொருளில் வரிவரியாய் எழுத வேண்டியதில்லை.
பெட்டி வரைந்து
பெட்டிக்குப் பெட்டி கம்பி இழுத்தால் போதும்.
தசம எண் போக ஆரஞ்சுக் கம்பி,
ஆமாவா இல்லையா போகப் பச்சைக் கம்பி.
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
ஆனால் பச்சை மட்டும்
புள்ளி புள்ளியாய் ஓடும்.
அந்தப் புள்ளிகளை நம்பிப்
பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று
ரத்தம் எடுத்தார்கள், உயரம் அளந்தார்கள்.
வண்ண வட்டங்களுக்குள் எண் ஒளிந்திருக்கும்
அந்தப் புத்தகம்
நல்லவேளை, இவர்களிடம் இல்லை.

முதல் படம் விழுந்தது
ஒரு வெள்ளிக்கிழமை மதியம்.
சங்கரா மீன்,
பள்ளிக்கூடப் பாவாடை நீலத்தில்.
(நீலம் எனக்கு நன்றாகத் தெரியும்.)
தண்ணீர் குடிக்க மாடியேறி வந்த
சோனங்குப்பத்து அஞ்சலாட்சி
சொம்பைக் கீழே வைத்தாள்.
"இன்னாய்யா, எங்க மீனு மேல
இங்க்கு பாட்டிலக் கவுத்துட்டியா?"

கேமரா நீலத்தை முதலில் சொல்கிறது,
அடுத்து பச்சை, கடைசியில் சிவப்பு.
திரையோ சிவப்பை முதலில் கேட்கிறது.
பந்தியில் இலை மாறி உட்கார்ந்த சம்பந்திகள்.
நடுவில் இருந்ததால்
பச்சைக்கு மட்டும் சண்டையில்லை.

மூன்று பைட்டையும் எழுப்பி
இடம் மாற்றி உட்கார்த்தினேன்.
சிவப்பை
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறால் பெருக்கு,
பச்சையை இருநூற்றைம்பத்தாறால்,
நீலத்தை அப்படியே விடு,
கூட்டு.
ஒரு புள்ளிக்கு ஒரே எண்.

"இப்பதான் சங்கரா" என்றாள்.
இருட்டாய் என்னவோ தெரிந்தது எனக்கு.
"ம்" என்றேன்.

மேனேஜர் சுல்தான் நெய்னா வந்து போனார்:
"செவுள் சிவப்புன்னா பெட்டிக்கு,
பழுப்புன்னா கழிவுக்கு.
மெஷினே சொல்லணும்."

சொல்ல, அதற்கு முதலில் யாராவது சொல்ல வேண்டும்.
அஞ்சலாட்சியைக் கேமராவுக்கடியில் உட்காரவைத்தோம்.
நான் லேப்டாப்போடு எதிரில்.
அவள் செவுளைத் தூக்கி "நல்லது" என்பாள்,
நூற்றுத் தொண்ணூறு, நாற்பத்திரண்டு, ஐம்பது
என்று நான் குறிப்பேன்.
"தள்ளு" என்பாள்,
நூற்றிருபத்திரண்டு, எண்பத்து நான்கு, அறுபத்தொன்று.
என் வாழ்நாளில் சிவப்பை
இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

நாற்பதாவது மீனுக்குப் பிறகு
கைக்கொன்றாய் இரண்டைத் தூக்கிக்காட்டி
"எது கெட்டது, நீதான் சொல்லேன்" என்றாள்,
விளையாட்டாகத்தான்.
மவுஸை நகர்த்தி ஒன்றின் மேல் வைத்தேன்,
பிறகு மற்றதன் மேல்.
"இடது கையில இருக்கிறது."
சரியான விடை.

"மீனு எங்கையில இருக்குது,
நீ ஏன்யா திரையப் பாக்குற?"

கீழே யாரோ ஐஸ் கட்டியைப் போட்டு உடைத்தார்கள்.
பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை,
அடுத்த மீனை எடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம்
தள்ளவேண்டிய மீனை வைக்கும்போது மட்டும்
வாலை என் பக்கம் திருப்பி வைத்தாள்.