மூன்று என்று எழுதினேன்

ஃபோர்ட் போர்ட்டலில் பயிற்சியின் முதல் நாள்
கையைத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.
மூடிய கை: வலி இல்லை.
ஒரு விரல்: இருக்கிறது, பொறுக்கலாம்.
ஐந்தும் விரிந்தால்
இதற்குமேல் வலிக்க உடம்பில் இடமில்லை.
பதினான்கு செவிலியர் நாங்கள்,
பள்ளிப் பிள்ளைகள்போல் விரல் நீட்டிச் சிரித்தோம்.

பச்சைத் தண்ணீர் கலக்கவும் படித்தோம்.
கம்பாலாவிலிருந்து பொடியாக வரும் மார்பின்,
குடிதண்ணீர் என்று யாரும் எடுத்துவிடாதிருக்கச் சாயம்.
நான்கு மணிக்கொரு முறை.
வலி வந்து கதவைத் தட்டும்வரை காத்திராதே.
படுக்கப் போகையில் இரண்டு பங்கு.
மலம் இறுகும், அதையும் கேள், கூசாமல் கேள்,
பப்பாளி விதையைக் காயவைத்துப் பொடித்துக் கொடு.

அடிமையாகிவிட மாட்டார்களா என்று கேட்டவள் நான்தான்.
முஹேண்டா பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:
"எப்போது? அடுத்த வருஷமா?"
யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் வாரம், பதினொன்றாம் கட்டில்.
கபாஹெண்டா. கருப்பைவாய்.
தேயிலை ஆலையில் இருபது வருஷம்.
தோரோ வழக்கப்படி செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்:
அப்வோலி, எவ்வளவு வலிக்கிறது, கையில் காட்டுங்கள்.
போர்வைக்குள்ளிருந்து வலக்கை வந்தது.
மூன்று விரல்.
மூன்று என்று எழுதினேன்.
மாலையும் மூன்று. மறுநாளும் மூன்று.
"வலி நிலையாக உள்ளது" என்று குறிப்பு வேறு,
அதன் கீழே முஹேண்டாவின் கையெழுத்து.
பக்கத்துக் கட்டில்காரி மட்டும் சொன்னாள்,
இவள் பல்லைக் கடிக்கிற சத்தத்தில்
எனக்கு ராத்தூக்கம் போச்சு.

நான்காம் நாள் அவள் கையைக் கழுவிவிட்டேன்.
சோப்பு நுரை வழிந்த பிறகு பார்த்தேன்.
சுண்டுவிரலும் அதன் துணைவிரலும் இருக்கவேண்டிய இடத்தில்
வழவழவென்று பழைய தழும்பு.
இலை உருட்டும் எந்திரம் என்றாள்,
யாரோ இரவல் வாங்கிப்போனதைச் சொல்வதுபோல.

இருந்ததையெல்லாம் காட்டியிருக்கிறாள்.
நான் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இடக்கையைக் காட்டியிருக்கலாமே என்றேன்.
மனுஷருக்கு இடக்கையை நீட்டுவார்களா என்றாள்.

பாடத்தில் இல்லாததைச் செய்தேன்.
என் கையை அவள்முன் விரித்து
வேண்டுமளவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
அந்த மூன்று விரல்
என் ஐந்தையும் சேர்த்துப் பிடித்தது.
பிறகு மணிக்கட்டையும்.

அளவைக் கூட்டி எழுதினோம்.
முஹேண்டா நிமிராமல் கையெழுத்திட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு
வார்டு முழுக்கக் கேட்கத் திட்டிக்கொண்டிருந்தாள்:
இது தேயிலையா, பெருக்கிய தூசியா,
எந்தத் தோட்டத்துக்காரன் இதை விற்றான்,
சர்க்கரைக்கும் பஞ்சமா இங்கே?
சமையல்காரப் பெண் என்னைப் பார்த்தாள்.
கோப்பையை வாங்கி
இன்னும் இரண்டு கரண்டி போட்டேன்.

பழைய தாளில் அந்த ஆறு மூன்றுகளும்
அப்படியே இருக்கின்றன.
எழுதியதை அழிக்க விதியில்லை.
ஓரத்தில் மட்டும் சேர்த்தேன்:
மூன்றுக்கு மூன்று.